திருடனுக்குப் போட்ட பூட்டு: பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ஸ்டீயரிங் லாக் எச்சரிக்கை

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாகக் கல்வராயன் மலை ஏறும் சாலை, கரியாலூரைத் தொட்டு வெள்ளிமலைக்குப் போகிறது. சனி, ஞாயிறுகளில் பெரியார் நீர்வீழ்ச்சி ஓரத்திலும் கரியாலூர் படகுக் குழாம் பக்கத்திலும் வெளியூர்ப் பதிவெண்கள் வரிசையாக நிற்கும். வளைவுகளில் ஓட்டிப் பார்ப்பதற்காகவே பழைய ஸ்போர்ட்ஸ் காரை மலையேற்றும் ஆர்வலர்களும் உண்டு. அப்படிப்பட்டவருக்கு அங்கே பஞ்சர் ஆனாலோ எஞ்சின் சூடானாலோ பெரிய கவலை இல்லை. கைவைக்க யாராவது கிடைப்பார்கள். சாவியைப் போட்டதும் டாஷ்போர்டில் ஸ்டீயரிங்கும் பூட்டும் சேர்ந்த படம் எரிந்து, எஞ்சின் கிளம்ப மறுத்தால்தான் சிக்கல். டேங்கில் பெட்ரோல் இருக்கும், எஞ்சினில் குறை இருக்காது, சாவியும் உரிமையாளர் கையில்தான் இருக்கும். ஆனாலும் வண்டி அவரை நம்பாது.

இந்த எச்சரிக்கையைப் பற்றி இரண்டு விதமான யோசனைகள் உலவுகின்றன. "ஃப்யூஸைப் பிடுங்கு, பைபாஸ் போடு, விளக்கை அணை" என்பது ஒன்று. "கம்பெனி வைத்ததில் கை வைக்காதே, முழு யூனிட்டையும் மாற்று" என்பது மற்றொன்று. இரண்டுமே பாதி சரி. ஸ்டீயரிங் பூட்டு எதற்காக வந்தது, அதன் வேலையைப் பின்னாளில் எது எடுத்துக்கொண்டது என்று பார்த்தால்தான் எந்தக் காரில் எது பொருந்தும் என்பது தெரியும். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: இம்மொபிலைசர் (சாவியிலுள்ள சில்லைச் சரிபார்க்கும் மின்னணுக் காவல்) உள்ள காரில் மின்னணு ஸ்டீயரிங் பூட்டு ஓய்வு கொடுக்கத்தக்க உறுப்பு, இம்மொபிலைசர் இல்லாத காரில் அந்தப் பூட்டுதான் மிச்சமிருக்கும் காவல். இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் எடுக்கும் முடிவு எதுவானாலும் குருட்டாம்போக்குதான்.

பூட்டு வந்த கதை

கார் திருட்டைத் தடுக்க ஸ்டீயரிங்கைப் பூட்டும் வழியை முதலில் சட்டமாக்கிப் பெரிய அளவில் சோதித்த நாடு மேற்கு ஜெர்மனி. 1960-களின் தொடக்கத்தில் புதிய கார்களுக்கு மட்டுமல்லாமல், ஏற்கெனவே சாலையில் ஓடிக்கொண்டிருந்த கார்களுக்கும் அங்கே பூட்டு கட்டாயமானது. திருட்டு தெளிவாகக் குறைந்தது. பிரிட்டனில் 1971-இல் வந்த ஏற்பாடு புதிய கார்களோடு நின்றது. புதிய கார்கள் திருடுபோவது குறைந்தது. திருடர்களின் பார்வை பூட்டில்லாத பழைய கார்களின் பக்கம் திரும்பியது. பிரிட்டன் உள்துறை அமைச்சகத்தின் ஆய்வாளர்கள் 1976-இல் வெளியிட்ட ஆய்வு இவ்விரு நாடுகளையும் ஒப்பிட்டது. வாய்ப்பை அடைத்தால் குற்றம் குறையும், பாதி அடைத்தால் இடம் மாறும் என்ற வாதத்துக்கு இன்றுவரை எடுத்துக்காட்டாக இருப்பது இந்த ஒப்பீடுதான்.

அமெரிக்காவில் கூட்டாட்சி மோட்டார் வாகனப் பாதுகாப்புத் தரம் 114, 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் ஓராண்டு முந்திக்கொண்டு தன் 1969 மாடல்களிலேயே சாவித் துளையை டாஷ்போர்டிலிருந்து எடுத்து ஸ்டீயரிங் தூணில் வைத்துவிட்டது. இந்தத் தரத்தில் பலரும் கவனிக்காத ஒரு நெகிழ்வு உண்டு. சாவியை எடுத்தால் எஞ்சின் இயங்கக் கூடாது. அதோடு ஸ்டீயரிங்கோ, வண்டி தன் விசையில் முன்னே நகர்வதோ, இரண்டில் ஒன்று தடைபட வேண்டும். அதாவது ஸ்டீயரிங்கைத்தான் பூட்ட வேண்டும் என்று விதி வற்புறுத்தவில்லை. ஸ்வீடனின் சாப் நிறுவனம் சாவித் துளையை இரு இருக்கைகளுக்கு நடுவே வைத்து, ரிவர்ஸ் கியரில் கியர்பாக்ஸையே பூட்டியது. ஓடும்போது ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளுமோ என்ற பயமே அந்த வடிவமைப்பில் இல்லை. ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் விதிமுறைகளும் ஸ்டீயரிங், கியர் என மாற்று வழிகளை அனுமதிக்கின்றன.

1990-களில் வந்த இம்மொபிலைசர் நிலைமையை மாற்றியது. சாவித் தலைக்குள் ஒரு சில்லு இருக்கும். அதன் குறியீடு பொருந்தினால்தான் எஞ்சின் கணினி எரிபொருளையும் தீப்பொறியையும் விடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 அக்டோபர் முதல் புதிய கார்களுக்கு இது கட்டாயம். நெதர்லாந்துத் தரவுகளை வைத்து இரு பொருளியலாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வு, இம்மொபிலைசர் திருட்டு வாய்ப்பைச் சராசரியாக 40 சதவீத அளவுக்குக் குறைத்ததாகக் கணித்தது.

எதிர்ப்பக்கத்துச் சான்று அமெரிக்காவிலிருந்து வந்தது. 2011 முதல் 2022 வரை அங்கே விற்ற ஹூண்டாய், கியா கார்களில் சுமார் 83 லட்சம் கார்களுக்கு இம்மொபிலைசர் இல்லை. சாவியால் இயங்கும் ஸ்டீயரிங் பூட்டு மட்டுமே இருந்தது. தூணின் உறையை உடைத்துச் சாவி உருளையைப் பிடுங்கி ஓட்டிச்செல்வது எப்படி என்று காட்டும் காணொளிகள் பரவியதும், நகரம் நகரமாகத் திருட்டு பெருகியது. இரு நிறுவனங்களும் 2023 பிப்ரவரியில் மென்பொருள் திருத்தத்தை அறிவித்தன. ஸ்டீயரிங்கில் மாட்டும் இரும்புத் தடிகளையும் இலவசமாகக் கொடுத்தன. நம் ஊரில் பைக்கின் ஹேண்டில் லாக்கைக் காலால் உதைத்து உடைக்கும் சிசிடிவி காட்சியைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. இயந்திரப் பூட்டு திருடனைத் தாமதப்படுத்தும், தடுத்து நிறுத்தாது.

தூணுக்குள் என்ன இருக்கிறது

ஸ்டீயரிங் தண்டின்மேல் பள்ளங்கள் வெட்டிய வளையம் ஒன்று இறுக்கப்பட்டிருக்கும். பக்கத்து வார்ப்பு உறைக்குள் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஓர் எஃகுத் தாழ், பின்னால் ஒரு ஸ்பிரிங். சாவியை உருவினால் ஸ்பிரிங் தாழைத் தள்ளும்; ஸ்டீயரிங்கைச் சற்றே அசைத்தால் "டக்" என்று பள்ளத்தில் விழும். சாவியைத் திருப்பினால் அதன் உருளையிலுள்ள திருகு முனை தாழை இழுத்துக்கொள்ளும். பழைய காரில் சாவி திருப்ப மறுத்தால், ஸ்டீயரிங்கை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே திருப்புவது எல்லா ஓட்டுநருக்கும் தெரிந்த வித்தை. தாழ், பள்ளத்தின் சுவரோடு அழுந்தியிருப்பதைத் தளர்த்துவதுதான் அந்த ஆட்டத்தின் வேலை.

மின்னணுப் பூட்டில் தாழ் அதேதான்; இழுப்பது கையல்ல, பொம்மைக் கார் மோட்டாரைவிடச் சற்றே பெரிய ஒரு மோட்டார். அது புழுப்பல் சக்கரத்தைச் சுழற்றித் தாழை முன்பின் நகர்த்தும். தாழ் எங்கே இருக்கிறது என்று சொல்ல மைக்ரோ ஸ்விட்சுகளோ காந்த உணரிகளோ இருக்கும். கட்டுப்பாட்டுக் கணினி முதலில் சாவியைச் சரிபார்க்கும், மோட்டாருக்கு மின்சாரம் விடும், பிறகு ஸ்விட்சைக் கேட்கும். "பூட்டு திறந்தது" என்ற பதில் குறித்த நேரத்துக்குள் வந்தால்தான் எஞ்சினுக்கு அனுமதி. பதில் வராவிட்டால், அல்லது இரண்டு ஸ்விட்சுகள் முரணான பதில் சொன்னால், எச்சரிக்கை எரியும்.

ஆகவே அந்த விளக்கு "பூட்டு பூட்டியிருக்கிறது" என்று சொல்வதில்லை. பூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்பது கணினிக்குத் தெரியவில்லை என்பதே அதன் பொருள். ஸ்டீயரிங் தாராளமாகத் திரும்பிக்கொண்டிருக்கும்போதும் வண்டி கிளம்ப மறுப்பது இதனால்தான்.

கோர்வெட் கற்றுக்கொடுத்த பாடம்

இந்தப் பிரச்சினை பொதுப் பதிவில் மிக விரிவாகக் கிடைப்பது ஷெவ்ரலே கோர்வெட்டின் ஐந்தாம் தலைமுறையில், அதாவது 1997 முதல் 2004 வரையிலான சி5 மாடலில். இந்தியாவில் இந்தக் கார் அதிகாரபூர்வமாக விற்கப்பட்டதில்லை. ஆனாலும் பிற்காலத்து எல்லா மின்னணுப் பூட்டுகளின் கோளாறுகளுக்கும் இது முன்மாதிரி.

சி5-இல் சாவியை உருவியதும் மோட்டார் ஸ்டீயரிங்கைப் பூட்டும், சாவியைச் செருகியதும் திறக்கும். திறந்ததற்கான பதில் வராவிட்டால், சாவியை எடுத்துவிட்டுப் பத்து விநாடி காத்திருக்கும்படி ஓட்டுநர் தகவல் திரை சொல்லும். கோளாறு நீடித்தால், தூண் பூட்டைப் பழுது பார்க்கச் சொல்லும் செய்தி வரும். அதன்பிறகும் எஞ்சின் ஸ்டார்ட் ஆகலாம். ஆனால் வண்டி நகரத் தொடங்கியதும் எரிபொருள் துண்டிக்கப்படும். பூட்டிய ஸ்டீயரிங்கோடு ஒருவர் வேகமெடுத்துவிடக் கூடாது என்பதற்கான காப்பு அது.

ஆபத்து அந்தக் காப்பிலேயே ஒளிந்திருந்தது. எஞ்சின் கணினிக்கு வரும் வோல்டேஜ் குறைந்தோ ஏறி இறங்கியோ இருந்தால், எரிபொருளைத் துண்டிக்கும் கட்டளை நிறைவேறாமல் போகலாம். தூண் பூட்டியபடியே இருக்க, வண்டி மட்டும் வேகமெடுக்கும். இதற்காக 2004-இல் ஜெனரல் மோட்டார்ஸ் 1997 முதல் 2004 வரையிலான சுமார் 1,27,000 கோர்வெட்களைத் திரும்ப அழைத்தது. ஆட்டோமேட்டிக் கார்களில் பூட்டுத் தகட்டையே எடுத்துவிடுவது, மேனுவல் கார்களில் கணினியின் மென்பொருளை மாற்றுவது என இரு வழிகளை நிறுவனம் கையாண்டது.

ஏன் இரண்டு வைத்தியம் என்பதற்கு விடை, மேலே சொன்ன 114-ஆம் தரத்தின் நெகிழ்வில் இருக்கிறது. ஆட்டோமேட்டிக் காரில் கியர் 'பார்க்' நிலையில் இருந்தால்தான் சாவி வெளியே வரும். அந்த நிலையில் வண்டி நகராது. விதி கேட்கும் தடை அங்கேயே கிடைத்துவிடுவதால் ஸ்டீயரிங் பூட்டு தேவையில்லை. மேனுவலில் அப்படி ஒரு மாற்று இல்லாததால் பூட்டை விட்டுவைக்க வேண்டியதாயிற்று. தயாரிப்பாளரே பூட்டைக் கழற்றியிருக்கிறார் என்பதும், எல்லாக் காரிலும் கழற்றவில்லை என்பதும் இந்த விவாதத்தில் சேர்த்தே நினைவுகொள்ள வேண்டியவை.

மற்ற கார்களில்

தமிழ்நாட்டுச் சாலைகளில் எதிர்ப்படக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ், சொகுசுக் கார்களில் இதே கதைக்குச் சில மாறுபாடுகள் உண்டு.

நிஸ்ஸான் 370 இசட் இந்தியாவிலும் சில காலம் விற்பனைக்கு இருந்தது. இதன் முதல் ஆண்டுகளின் மின்னணுத் தூண் பூட்டு, பொத்தானை அழுத்தினால் எதுவுமே நடக்காமல் பழுதாவதற்குப் பேர்போனது. பூட்டு திறந்த நிலையில் இருக்கும்போது அதற்கான ஃப்யூஸை எடுத்துவிடுவது, உலகெங்கும் இதன் உரிமையாளர்கள் செய்துகொள்ளும் முன்னேற்பாடு. மோட்டாருக்கு மின்சாரம் இல்லாததால் தாழ் மறுபடி நகராது. கணினியின் நினைவிலும் "திறந்தது" என்ற கடைசிப் பதிலே நிற்கும். பூட்டிய நிலையில் பழுதான பிறகு ஃப்யூஸை எடுத்துப் பயனில்லை.

மெர்சிடிஸின் சி-கிளாஸ், இ-கிளாஸ் கார்களில், குறிப்பாக 2007-க்குப் பின் வந்த தலைமுறைகளில், பூட்டு மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்துபோவது வழக்கமான நோய். சாவியைச் செருகினால் விளக்கு எதுவும் எரியாமல் கார் செத்ததுபோல் கிடக்கும். அதே காலத்து பி.எம்.டபிள்யூ. கார்களில் முன்னறிவிப்பு கிடைக்கும். முதலில் மஞ்சள் எச்சரிக்கை வந்து போகும், பிறகு அடிக்கடி வரும், கடைசியில் சிவப்பாகி வண்டி கிளம்பாது. மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இடையிலான நாட்கள் உரிமையாளருக்குக் கிடைத்த அவகாசம். அதை வீணடித்து மலை ஏறுபவர்கள்தான் அதிகம்.

1990-களின் பிற்பகுதியில் வந்த போர்ஷே 911, பாக்ஸ்டர் போன்றவற்றில் பூட்டு முழுக்க இயந்திரம்தான். எனவே எச்சரிக்கை விளக்கு கிடையாது. சாவி நாளுக்கு நாள் இறுகிவருவதே அங்கே அறிகுறி. பெரும்பாலும் பழுதாவது தாழுக்குப் பின்னாலுள்ள மின் ஸ்விட்ச். விலை குறைந்த அந்த ஒரு பாகத்தை விட்டுவிட்டு முழுத் தொகுதியையும் மாற்றிச் செலவை இழுத்துவிடுவது நடக்கிற கதை.

நான்கு காரணங்கள், ஒரு மலைச்சரிவு

கார் எதுவானாலும் காரணங்கள் நான்குக்குள் அடங்கும்: குறைந்த வோல்டேஜ், தாழின்மேல் பளு, பதில் சொல்லும் ஸ்விட்சின் பழுது, மோட்டாரின் தேய்வு. முதல் இரண்டும் வண்டியின் குறையல்ல, சூழ்நிலை. கரியாலூர் போன்ற இடத்தில் முந்திக்கொள்பவை அவையே.

வோல்டேஜை எடுத்துக்கொள்வோம். ஸ்போர்ட்ஸ் கார் தினமும் ஓடும் வண்டி அல்ல. இரண்டு மூன்று வாரம் ஷெட்டில் நின்று, ஒருநாள் நெடுஞ்சாலையில் பறந்து மலைக்கு வருகிறது. வந்த இடத்தில் கதவைத் திறந்துபோட்டுப் பாட்டை அலறவிடுவது சுற்றுலாவின் எழுதாத சம்பிரதாயம். நன்றாக சார்ஜ் ஏறி ஓய்விலிருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2-க்கு இறங்கினால் பாதிதான் மிச்சம். அந்தப் பாதியிலும் ஹெட்லைட் பளிச்சென்று எரியும், ஹாரன் அடிக்கும். எனவே பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றும். ஆனால் பல கணினிகள் ஒரே நொடியில் விழித்துக்கொள்ளும்போது வோல்டேஜ் சரிகிறது. பூட்டு மோட்டார் பாதி வழியில் நிற்கிறது. பதில் நேரத்துக்கு வராமல் போகிறது. பேட்டரி முனையில் பூத்த உப்பும், வண்டியின் உடலோடு இணையும் எர்த் கம்பியின் துருவும் இதே விளைவைத் தரும்.

பளு என்பது இன்னும் சுவையானது. சரிவில் நிறுத்தும்போது, வண்டி உருண்டால் ஓரக்கல்லில் முட்டும்படி முன்சக்கரத்தைத் திருப்பி வைக்க வேண்டும் என்பது ஓட்டுநர் பயிற்சியின் பாலபாடம். பிரேக் பிடி விட்டாலும் சக்கரம் கல்லில் முட்டி நிற்கும். பாதுகாப்புக்கு அது சரிதான். ஆனால் முறுக்கி நிறுத்திய அகலமான டயர், எஞ்சின் அணைந்ததும் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். அந்த விசை தண்டு வழியாக ஏறிப் பூட்டின் தாழைப் பள்ளத்தின் சுவரோடு நெரிக்கும். இயந்திரப் பூட்டாக இருந்தால் ஓட்டுநரின் கைபலம் அதை வெல்லும். அந்தச் சின்ன மோட்டாரால் முடியாது. எனவே மலையில் சரியாக நிறுத்தத் தெரிந்த ஓட்டுநருக்கே இந்த எச்சரிக்கை வரும் வாய்ப்பு கூடுதல்.

இதற்காகச் சக்கரத்தைத் திருப்பி நிறுத்தும் பழக்கத்தை விட வேண்டியதில்லை. சக்கரத்தைத் திருப்பி, ஹேண்ட் பிரேக் போட்டு, பிரேக் மிதியை மெல்லத் தளர்த்தி வண்டியின் எடை உட்கார்ந்த பிறகு, ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் கையை எடுங்கள். அதன்பின் சாவியை உருவுங்கள். டயரின் முறுக்கு பெருமளவு அவிழ்ந்த பிறகே தாழ் விழும்.

கரியாலூரில் நின்றுவிட்டால்

முதல் கட்டளை, சாவியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காமல் இருப்பது. ஒவ்வொரு முயற்சியும் மிச்சமிருக்கும் மின்சாரத்தைக் குடிக்கும்; சில கார்களில் தோல்விகளை எண்ணி வைத்துக்கொண்டு கணினி இன்னும் இறுகும். சாவியை எடுத்து, கதவுகளைச் சாத்தி, கணினிகள் உறங்கும்வரை சில நிமிடம் விடுங்கள். பிறகு ஒருவர் ஸ்டீயரிங்கை மெல்ல இடமும் வலமும் அசைத்துப் பளுவைத் தளர்த்த, அதே நேரத்தில் சாவியைச் செருகிப் பாருங்கள். சாவியில் சின்ன பேட்டரி இருந்தால் மாற்று சாவியையும் சோதிக்கலாம்.

அதற்கும் மசியாவிட்டால் அடுத்தது ஜம்பர் கேபிள். உதவ வந்த வண்டியின் எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு, உங்கள் பேட்டரிக்குக் கொஞ்சம் உயிர் வந்த பிறகே சாவியைத் தொடுங்கள். கார்பன் பிரஷ் தேய்ந்த வகை என்று சந்தேகமிருந்தால், ஒருவர் சாவியைத் திருப்பும்போது இன்னொருவர் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தூணின் அடிப்புறத்தை இரண்டு தட்டு தட்டலாம். ஒட்டிக்கொண்டிருக்கும் பிரஷ் சில சமயம் விடுபடும். அது வைத்தியமல்ல, வீடு போய்ச் சேருவதற்கான ஒரு வாய்ப்பு.

எஞ்சின் கிளம்பியதும் புறப்பட்டுவிடக் கூடாது. நகரும் முன் ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை திருப்பிப் பாருங்கள். கோர்வெட் திரும்ப அழைப்பு உணர்த்தியது இதைத்தான்: எஞ்சின் ஓடுகிறது என்பது ஸ்டீயரிங் திரும்பும் என்பதற்கு உத்தரவாதம் அல்ல. தாராளமாகத் திரும்பினால், சமவெளியில் ஆள் கிடைக்கும் இடம்வரை எஞ்சினை அணைக்காமல் இறங்கிவிடுங்கள். வழியில் டீ குடிக்க நிறுத்தும் ஆசை வேண்டாம்.

ஓடும்போதே விளக்கு எரிந்தால் பதற வேண்டியதில்லை. ஓட்டத்தின்போது தாழ் விழாதபடிதான் இந்தப் பூட்டுகள் வடிவமைக்கப்படுகின்றன. அடுத்த முறை ஸ்டார்ட் ஆவது சந்தேகம் என்பதே அந்த விளக்கின் செய்தி. இறக்கத்தில் எஞ்சின் அணைந்தே போனாலும் ஸ்டீயரிங் கனக்குமே தவிர திரும்பும். பிரேக் உதவியும் ஓரிரு மிதிகளுக்கு மிச்சமிருக்கும். அந்த மிதிகளை வீணாக்காமல் ஒரே அழுத்தமாக அழுத்தி ஓரங்கட்ட வேண்டும். வண்டி நிற்கும்வரை சாவியை 'ஆஃப்' பக்கம் திருப்பவே கூடாது.

பூட்டு விடவே இல்லையென்றால், உதவும் மனத்தோடு சொல்லப்படும் இரண்டு யோசனைகளை மறுக்க வேண்டியிருக்கும். ஒன்று, தள்ளி ஸ்டார்ட் செய்வது. அனுமதி மறுக்கும் கணினியைத் தள்ளி மசியவைக்க முடியாது. ஸ்டீயரிங் பூட்டியிருந்தால் வண்டி நேராகப் பள்ளத்துக்குப் போகும். இன்னொன்று, ஜீப்பிலோ டிராக்டரிலோ கயிறு கட்டி இழுப்பது. முன்சக்கரம் திரும்பாத காரை வளைவுச் சாலையில் இழுத்துவர முடியாது. தாழ்வான ஸ்போர்ட்ஸ் காருக்குப் பொருந்துவது, மேலேற்றிக் கொண்டுபோகும் தட்டு லாரி ஒன்றே. சாதாரண மோட்டார் பாலிசி இயந்திர, மின் பழுதுகளுக்குப் பணம் தராது. சாலையோர உதவியைத் தனியாகச் சேர்த்திருந்தால்தான் அந்த லாரிச் செலவு கையைக் கடிக்காது. மலையில் எல்லா வளைவிலும் செல்போன் சிக்னல் கிடைக்காது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

கழற்றுவதா, மாற்றுவதா

பட்டறைக்குப் போனதும் முதல் கேள்வி ஸ்கேனரைப் பற்றியது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ஓ.பி.டி. கருவிகள் பெரும்பாலும் எஞ்சின் குறைகளை மட்டுமே படிக்கும். தூண் பூட்டின் குறைகள் காரின் உடற்பகுதிக்கான தனிக் கணினியில் பதிவாகின்றன. அவற்றைப் படிக்க அந்தந்த நிறுவனத்துக்கான மென்பொருள் தேவை. கோர்வெட் சி5 இதில் விதிவிலக்கு. அதன் தகவல் திரையே, டாஷ்போர்டுப் பொத்தான்களைக் குறித்த முறையில் அழுத்தினால், குறைக் குறியீடுகளை வரிசையாகக் காட்டிவிடும். குறியீட்டைப் படிக்காமல் பூட்டு யூனிட்டுக்கு ஆர்டர் கொடுக்கும் பட்டறை, பேட்டரியோடு முடிந்திருக்க வேண்டிய செலவைப் பல மடங்காக்கிவிடும்.

பூட்டுதான் குற்றவாளி என்று உறுதியானால் மூன்று வழிகள் இருக்கின்றன. உள்ளிருக்கும் மைக்ரோ ஸ்விட்சையோ மோட்டாரையோ மட்டும் மாற்றுவது மலிவானது. நுணுக்கமான கை வேண்டும். முழு யூனிட்டையும் மாற்றுவது நேர்வழி. ஆனால் புதிய யூனிட்டை அந்தக் காரின் சாவியோடும் கணினியோடும் இணைத்தாக வேண்டும், பழைய மாடல்களுக்குப் பாகம் கிடைப்பதே அரிதாகிவருகிறது. மூன்றாவது வழி பைபாஸ் அல்லது எமுலேட்டர். பூட்டு இருக்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, கணினி கேட்கும்போதெல்லாம் "திறந்திருக்கிறது" என்று சொல்லும் சிறு மின்னணுப் பெட்டி அது.

மூன்றாவதில்தான் ஒரு பெரிய கண்ணி இருக்கிறது. தாழ் உள்ளேயே இருக்கும்போது எமுலேட்டரை மட்டும் பொருத்தினால், பூட்டு பூட்டியிருந்தாலும் கணினி நம்பிவிடும். கோர்வெட்டில் விபத்தாக நேர்ந்த ஆபத்தைக் காசு கொடுத்து வாங்கியதாகிவிடும். எனவே விதி எளிது: கணினியை ஏமாற்றும் முன் தாழைக் கழற்றி எடு. தகடோ தாழோ வெளியே எடுக்கப்பட்டு, ஸ்டீயரிங் பூட்ட வழியே இல்லை என்றான பிறகுதான் எமுலேட்டருக்கு இடம். ஜெனரல் மோட்டார்ஸ் ஆட்டோமேட்டிக் கார்களில் தகட்டை எடுத்ததன் பின்னால் இருந்த தர்க்கமும் இதுவே.

சட்டப்பக்கமும் ஒன்று உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வேறுபடும் வகையில் வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கண்டிப்பாகவே வாசித்தது. பூட்டைக் கழற்றுவது பதிவுச் சான்றில் வரும் விவரத்தை மாற்றாது என்று வாதிடலாம். ஆனால் வண்டி திருடுபோனால் இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் கேட்பது இரண்டு சாவிகளையும், பிறகு உரிமையாளரின் கவனக்குறைவைப் பற்றியும்தான். செய்த வேலையைப் பட்டறை பில்லில் தெளிவாக எழுதி வாங்கி, நிறுவனத்துக்குக் கடிதமாகத் தெரிவித்துவிடுவது பின்னாளில் வழக்காடுவதைவிட மலிவு.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் தீர்ப்பு காருக்குக் கார் மாறும், தர்க்கம் மாறாது. இயந்திரப் பூட்டு மட்டும் உள்ள, இம்மொபிலைசர் இல்லாத பழைய வண்டியா? பூட்டைப் பழுது பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வேறு காவல் இல்லை. இம்மொபிலைசரும் மின்னணுப் பூட்டும் சேர்ந்த ஆட்டோமேட்டிக் காரா? தாழை அகற்றி எமுலேட்டர் வைப்பதில் திருட்டுப் பாதுகாப்பு பெரிதாகக் குறையாது; நடுவழியில் நிற்கும் அபாயம் ஒழியும். மேனுவல் காரா? இம்மொபிலைசர் இருந்தாலும், நிறுத்திய வண்டியைத் தள்ளிச் செல்வதற்கு இருந்த தடை போய்விடும் என்பதால், மைக்ரோ ஸ்விட்சையும் மோட்டாரையும் சரிசெய்து பார்ப்பதே முதல் வழி. அகற்றித்தான் ஆக வேண்டுமென்றால் ஸ்டீயரிங்கில் மாட்டும் இரும்புத் தடி ஒன்றைப் பழக்கப்படுத்திக்கொள்ளலாம்.

பெரிய பொறுப்பு வடிவமைத்தவர்களுடையது. எந்தப் பூட்டும் ஒருநாள் பழுதாகும். பழுதாகும்போது அது திறந்த பக்கம் பழுதாக வேண்டும் என்பது ஓடும் வண்டிக்கான முதல் நியதி. ஒரு சின்ன மோட்டாரின் பதிலை நம்பி முழு வண்டியையும் நிறுத்திவைக்கும் அமைப்பு, இம்மொபிலைசர் வந்த அன்றே மறு ஆய்வுக்கு வந்திருக்க வேண்டும். பல நிறுவனங்கள் தாமதமாகவேனும் மின்னணுத் தூண் பூட்டைக் கைவிட்டது இந்தக் கணக்கை உணர்ந்துதான். பழைய கார்களில் அந்தத் திருத்தத்தைச் செய்துகொள்ளும் வேலை உரிமையாளர் தலையில் விழுந்திருக்கிறது. மஞ்சள் விளக்கு ஒருமுறை எரிந்துவிட்டால், கச்சிராயபாளையம் சாலையில் திரும்பும் முன்னரே கள்ளக்குறிச்சியில் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் வோல்டேஜையும் எர்த்தையும் பார்த்துவிடுங்கள். சில நிமிட வேலைதான். நான்கு காரணங்களில் ஒன்று அங்கேயே தீர்ந்துவிடும்.